ஹால் பிழைத்தது, கொட்டகை பிழைக்கவில்லை

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவில் நிற்கிறதே அந்தச் சிவப்புக் கட்டடம், விக்டோரியா பப்ளிக் ஹால், அதைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். ராபர்ட் சிஷோம் வடிவமைத்தார், நம்பெருமாள் செட்டியார் கட்டினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் பேசினார். 1916-ல் நீதிக்கட்சி உருவான கதையில் இதன் பெயர் வருகிறது. எல்லாம் சரி. ஆனால் பெரிய மனிதர்கள் ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போய்விடுவார்கள். வருடக்கணக்காக அங்கே வாடகை கொடுத்து, விளக்கேற்றி, டிக்கெட் விற்றவர்கள் நாடகக்காரர்கள். அவர்களுக்கு அந்தக் கட்டுரைகளில் ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

நான் சின்ன வயதில் அந்தக் கட்டடத்தைப் பார்த்ததே இல்லை என்று சொல்லலாம். தினமும் அதைக் கடந்து போயிருக்கிறேன், அது வேறு விஷயம். அந்த வளாகத்தில் ஹோட்டல் பிக்னிக் இருந்தது. ராத்திரி ரயிலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அங்கே டிபன் முடித்துவிட்டு சாலையைத் தாண்டுவார்கள். கண் முழுக்க ரயில் நேரத்திலும் பெட்டியிலும் இருக்கும். பின்னால் ஒரு நாடக மேடை தூசி பிடித்துக் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அப்புறம் மெட்ரோ வேலை வந்து எதிரே தகரத் தட்டி அடைத்ததில் கொஞ்சநஞ்சம் தெரிந்ததும் மறைந்தது.

கட்டடத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று சென்னைப் பிரமுகர்கள் கூடிப் பேசி, 1883-ல் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். பீப்பிள்ஸ் பார்க்கில் இடம். கிரவுண்டுக்கு எட்டணா வாடகை என்று 99 வருடக் குத்தகை. 1888-ல் திறந்தார்கள். விக்டோரியா ராணியின் பொன்விழாக் காலம் என்பதால் அந்தப் பெயர். கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு பெரிய கூடங்கள். 1890-களின் பிற்பகுதியில், சென்னையில் முதன்முதலாகச் சலனப்படம் காட்டிய இடங்களில் இதுவும் ஒன்று. அதாவது நாடகத்தைப் பிற்பாடு விழுங்கப்போகிற சினிமா, முதலில் நாடகக்காரர்களின் மண்டபத்தில்தான் வந்து இறங்கியது.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான்.

பம்மல் சம்பந்த முதலியார் என்ற பெயர் நாடகப் பாடத்தில் வரும். 1873-ல் பிறந்தவர். சிறுவயதில் அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே ஆகாது. அந்தக் காலத்தில் நாடகம் போடுகிறவர்களை ஊர் ‘கூத்தாடி’ என்று தள்ளி வைத்திருந்தது. படித்த வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். 1891-ல் பல்லாரியிலிருந்து ஒரு சபை சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டது. அதை நடத்தியவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சார்லு, தொழிலில் வக்கீல். கூட நடித்தவர்களும் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள். அதைப் பார்த்ததும் சம்பந்த முதலியாரின் மனம் மாறிவிட்டது. அதே வருடம் ஜூலையில் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் மனத்தை மாற்றியதில் கலைக்கு எவ்வளவு பங்கு, நடித்தவர்களின் அந்தஸ்துக்கு எவ்வளவு பங்கு? வக்கீலே வேஷம் கட்டுகிறார் என்றால் நாமும் கட்டலாம் என்ற தைரியம்தான் அந்தச் சபையின் முதல் மூலதனம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் தவறு எதுவும் இல்லை. அந்தத் தைரியம் இல்லாவிட்டால் ‘மனோகரா’ வந்திருக்காது, ‘சபாபதி’ வந்திருக்காது, ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் தமிழில் அமலாதித்யனாகி மேடை ஏறியிருக்கமாட்டான். தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதிய மனிதர், பிறகு சிறு வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாகவும் உட்கார்ந்தார். ராத்திரி முழுக்க நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார். சொன்ன நேரத்துக்குத் திரையைத் தூக்கினார். இன்றைக்கும் நம் ஊர் விழாக்களில் நடக்காத காரியம் அது.

விக்டோரியா ஹால் அந்தச் சபையின் வீடாகவே ஆகிவிட்டது. 1930-களின் நடுப்பகுதி வரை அவர்கள் அங்கே இருந்தார்கள். எஸ். சத்தியமூர்த்தி, சி.பி. ராமசாமி ஐயர் மாதிரி ஆட்களெல்லாம் சபையில் இருந்தார்கள். கோர்ட்டில் கோட்டுப் போட்டு வாதாடிய மனிதர் சாயந்திரம் கிரீடம் வைத்துக்கொள்வார். பெண் வேஷமும் ஆண்கள்தான். சம்பந்த முதலியாருக்கு ஜோடியாக சி. ரங்கவடிவேலு பல வருடங்கள் கதாநாயகியாக நடித்தார். அவர் காலமான பிறகு அந்த இடத்தை யாராலும் நிரப்ப முடியவில்லை என்பது முதலியாரே எழுதி வைத்த வருத்தம்.

சரி, இது நாடகத்தின் ஒரு பாதி. மறு பாதி அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், வால்டாக்ஸ் ரோட்டில் இருந்தது. ஒற்றைவாடைக் கொட்டகை.

என் தாத்தா சவுகார்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதியவர். அவர் விக்டோரியா ஹாலுக்குள் காலை வைத்ததில்லை. “அதெல்லாம் வக்கீல்மார் போடுற நாடகம்பா, நமக்கு எதுக்கு” என்பார். ஒற்றைவாடை என்றால் முகமே மாறிவிடும். கடை சாத்தியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக அங்கேதான். தரை டிக்கெட். இடைவேளையில் முறுக்கு, சோடா. நாடகம் முடிந்து வீட்டுக்கு வந்தால் பாட்டி கதவைத் திறக்கமாட்டாராம். அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவர். திண்ணையிலேயே படுத்துக்கொள்வாராம்.

அவர் சொன்னதில் பாதி நவாப் ராஜமாணிக்கம் கம்பெனி கதைகள்தான். ‘ராமதாஸ்’ நாடகத்தில் நவாப் வேஷம் கட்டியதால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது அவருக்கு. தசாவதாரம், ஐயப்பன், ஏசுநாதர் என்று பக்தி நாடகங்கள். மேடையில் காட்டும் தந்திரக் காட்சிகளுக்காகவே கூட்டம் வரும். எம்.என். நம்பியார் அந்தக் கம்பெனியில் பையனாகச் சேர்ந்து வளர்ந்தவர். சினிமாவில் அத்தனை பேரைக் கதறவிட்ட மனிதர் பிற்காலத்தில் சபரிமலைக்குப் பெரிய குருசாமியாக இருந்தார் என்றால் அதன் வேர் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முந்தைய தலைமுறையில் கன்னையா கம்பெனி. மேடையில் நிஜக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்திய கம்பெனி. பாடகர்-நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா அங்கே பாடினார். மைக் இல்லாத காலம். முன்வரிசைச் சோபாவில் இருப்பவருக்கும் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்றால் சாரீரம் எங்கே நிற்க வேண்டும்! ஐந்து கட்டைச் சுருதி, அதாவது உச்சமான குரல், என்று இன்று சங்கீதக்காரர்கள் வியப்பதெல்லாம் அன்றைக்குப் பிழைப்புக்கான தேவை. கிட்டப்பா 1933-ல், முப்பது வயதைத் தொடும் முன்பே போய்விட்டார். அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாள் அதற்குப் பிறகு வெள்ளைப் புடவையோடு நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தார்.

இதெல்லாம் வெரைட்டி தியேட்டர்தான், வேறு என்ன? வள்ளி திருமணம் என்று நோட்டீஸ் அடித்திருக்கும். ஆனால் திரை தூக்கியதும் முதலில் வருவது பபூன். அவன் உள்ளூர் சங்கதிகளை எல்லாம் கிண்டல் அடிப்பான். ராஜபார்ட்டும் (கதாநாயகன்) ஸ்திரீபார்ட்டும் (கதாநாயகி) தர்க்கம் என்ற பெயரில் ஒருவரை ஒருவர் பாட்டிலேயே மடக்குவார்கள். ஹார்மோனியக்காரர் நடுவில் தன் பங்குக்குத் தூள் கிளப்புவார். கேட்டவர்கள் ‘ஒன்ஸ்மோர்’ என்றால் செத்துப்போன பாத்திரம்கூட எழுந்து பாடிவிட்டு மறுபடி சாகும். கதை எங்கே நின்றது என்று யாரும் கவலைப்பட்டதில்லை. ஒரு ராத்திரிக்குள் பாட்டு, நகைச்சுவை, வித்தை, பக்தி, அழுகை எல்லாம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் கொடுத்த காசுக்குக் கணக்கு.

அதற்குப் பின்னால் இருந்த உழைப்பு கொடுமையானது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை மாதிரி, சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லாத பிள்ளைகள். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தார்கள். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தார். சுகுண விலாச சபையில் நடித்தவருக்கு அடுத்த நாள் கோர்ட் இருந்தது. இவர்களுக்கு அடுத்த நாள் அடுத்த ஊர். தமிழ் சினிமாவுக்கு முதல் முப்பது வருடம் நடிகர்களையும் பாடகர்களையும் வசனக்காரர்களையும் கொடுத்தது பெரும்பாலும் இந்தப் பக்கம்தான், வக்கீல்கள் பக்கம் இல்லை.

அரசாங்கத்துக்கும் எந்தப் பக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. எம்.ஆர். ராதா ராமாயணத்தைக் கிண்டல் செய்து நாடகம் போட்டபோது, 1954-ல் நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். வக்கீல்கள் போட்ட நாடகத்துக்காக யாரும் சட்டம் இயற்றியதாக நான் படித்ததில்லை.

இன்றைக்கு என்ன நிலைமை? விக்டோரியா ஹாலின் குத்தகை 1980-களில் முடிந்து, வழக்கு நடந்து, பல வருடம் பூட்டிக் கிடந்து, கடைசியில் மாநகராட்சி சீரமைப்பு வேலையில் இறங்கியது. நல்ல காரியம். சிவப்புச் செங்கலும் திருவாங்கூர் பாணிக் கூரை வைத்த கோபுரமும் காப்பாற்றப்பட வேண்டியவைதான். ஒற்றைவாடையோ? நாடகக் கொட்டகையாக அது போய் வெகுகாலம் ஆகிறது. வால்டாக்ஸ் ரோட்டில் பார்சல் லாரிகளுக்கு நடுவே நின்று விசாரித்துப் பாருங்கள். “எந்தக் கொட்டகை?” என்பார்கள்.

சிஷோம் வரைந்தால் பாரம்பரியம். மூங்கிலும் தகரமும் சேர்ந்தால் வெறும் கொட்டகை. நம் பாரம்பரியப் பட்டியல்கள் அப்படித்தான் தயாராகின்றன. கட்டடத்தின் அழகைப் பார்த்து மதிப்பெண் போடுகிறோம். உள்ளே எத்தனை லட்சம் பேர் சிரித்தார்கள், அழுதார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலில் கட்டமே இல்லை. பாரிஸில் வாழ்ந்த பாடகிகளின் பெயரைச் சொல்லத் தெரிந்த நண்பர்களுக்கு, பெண்களை மட்டும் வைத்துக் கம்பெனி நடத்திய கும்பகோணம் பாலாமணி அம்மாளைத் தெரியவில்லை. அவருடைய நாடகம் பார்க்க ஜனங்கள் ரயிலேறிப் போன காலம் உண்டு. கடைசிக் காலத்தில் அவர் வறுமையில் செத்தார்.

எனக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, விக்டோரியா ஹால் போட்டோ மாட்டி வைக்கும் இடமாக மட்டும் இருந்துவிடக் கூடாது. மாதத்தில் சில நாட்களாவது அங்கே நாடகம் நடக்க வேண்டும், அதுவும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் திருவிழாவுக்குத் திருவிழா ஸ்பெஷல் நாடகம் (பல ஊர் நடிகர்கள் ஒரு ராத்திரிக்காகக் கூடிப் போடுவது) போடுகிறவர்களை அழைத்து. வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும். டிக்கெட் என் தாத்தா மாதிரி ஆள் வாங்குகிற விலையில் இருக்க வேண்டும். வள்ளி திருமண தர்க்கம் அந்த மேல்கூடத்தில் ஒருமுறை மைக் இல்லாமல் ஒலிக்கட்டும், கேட்டுப் பார்ப்போம்.

இரண்டாவது, வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு கல். ‘இங்கே ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்தது’ என்று தமிழில் ஒரு வரி போதும். யார் யார் நடித்தார்கள் என்று எழுத ஆரம்பித்தால் அந்தக் கல் போதாது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய நாடக நோட்டீஸ் எதுவும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மஞ்சள், ரோஸ் காகிதத்தில், ஓரம் செல்லரித்துப் போயிருக்கும். கொட்டகைப் பெயர் போட்டிருந்தால் போதும், ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தாத்தா சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் பாட்டி அடுப்பெரிக்கப் போட்டுவிட்டார்.