எண்ணாமல் எழுதப்படும் இருபது

செவிலிய மாணவர்கள் நோயாளியின் குறிப்பேட்டை நிரப்புவதைப் பல ஆண்டுகளாகப் பக்கத்தில் நின்று பார்த்து வருகிறேன். வெப்பநிலைக்கும் நாடித்துடிப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கருவி இருக்கிறது. அது காட்டும் எண்ணை அவர்கள் எழுதிவிடுகிறார்கள். மூச்சு எண்ணிக்கைக்கு மட்டும் பெரும்பாலான வார்டுகளில் கருவி கிடையாது. கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ண வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தி, அந்தக் கட்டத்தில் இருபது என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு நாள் காலை ஒரு வார்டின் அத்தனை குறிப்பேடுகளையும் வரிசையாகப் புரட்டினேன். குணமாகி வீட்டுக்குப் போகக் காத்திருந்தவருக்கும் இருபது, நிமோனியாவோடு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தவருக்கும் இருபது.

நிமோனியா நோயாளிக்கு அந்த எண்ணை எழுதிய மாணவியையே அவர் அருகில் உட்கார வைத்து, என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து எண்ணச் சொன்னேன். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை நெஞ்சின்மேல் வைக்கச் சொன்னேன். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளி தன்னையறியாமலே அதை மாற்றிக்கொள்வார். நிமிடம் முடிந்ததும் அவள் நிமிர்ந்து, "முப்பத்திரண்டு, மேடம்" என்றாள். கழுத்துத் தசை ஒவ்வொரு மூச்சுக்கும் இழுபடுவதையும், அவர் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை நிறுத்துவதையும் அதன்பின் அவளே கவனித்துச் சொன்னாள். இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டிய கருவி அப்போதும் 94 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது. அவர் அவ்வளவு வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால்தான் அந்த 94 நின்றது என்பதும், உடல் சோர்ந்துபோனால் அது மளமளவென்று இறங்கிவிடும் என்பதும் அவளுக்கு வகுப்பில் சொல்லப்பட்டவைதான். ஆனால் அன்றுதான் அவை அவளுக்கு விளங்கின.

இதை அந்த மாணவியின் குறையாக நான் எழுதவில்லை. அவளுக்கு முன்னால் பணியில் இருந்தவர்கள் எழுதியதைப் பார்த்து அவளும் எழுதினாள். குறை எங்களைப் போன்ற ஆசிரியர்களுடையது. அவசர நிலைப் பயிற்சி என்றவுடன் எங்கள் நினைவுக்கு வருவது இதயம் நின்ற பிறகு செய்ய வேண்டியவைதான்: நெஞ்சை அழுத்துவது, கையால் அமுக்கும் ஆம்பு பையால் காற்று கொடுப்பது, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டீஃபிபிரிலேட்டரை வைப்பது. இவை அத்தனையும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வார்டில் இருக்கும் நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு அவசரம் அந்த நொடியில் தொடங்குவதில்லை. அது பல மணி நேரத்துக்கு முன்பே, யாரும் ஓடத் தொடங்காத வேளையில், குறிப்பேட்டின் ஒரு கட்டத்தில் தொடங்கிவிடுகிறது. மாணவர்களின் பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி அந்த அமைதியான மணி நேரங்களுக்குச் செலவாக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இது நான் ஒருத்தி மட்டும் சொல்வதல்ல. 1990இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பொது வார்டுகளில் இதயமும் மூச்சும் நின்றுபோன 64 நோயாளிகளை ஆராய்ந்தது. அவர்களில் 84 சதவீதத்தினருக்கு, அதற்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள்ளேயே, நிலைமை மோசமாகி வருவதோ புதிய தொந்தரவு தோன்றியதோ குறிப்புகளில் பதிவாகியிருந்தது. அதாவது யாரோ பார்த்திருக்கிறார்கள், எழுதியும் இருக்கிறார்கள். எழுதியதற்கும் செயல்பட்டதற்கும் நடுவே எங்கோ நேரம் கைநழுவிப் போயிருக்கிறது.

அந்த இடைவெளியை அடைப்பதற்காகவே பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் ஒரு முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை வெளியிட்டு, 2017இல் திருத்தியது. மூச்சு எண்ணிக்கை, இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, மேல் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சுயநினைவு, வெப்பநிலை ஆகிய ஆறுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, ஆக்ஸிஜன் கொடுக்கப்படுகிறது என்றால் அதற்கும் கூடுதலாகச் சேர்த்துக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை ஐந்தைத் தொட்டால் உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். ஏழைத் தொட்டால் அவசரக் குழுவே வர வேண்டும். இதில் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுவது ஒன்று உண்டு. மூச்சு எண்ணிக்கை 12 முதல் 20 வரை இருந்தால் மதிப்பெண் பூஜ்யம். 21 ஆனதுமே இரண்டு. 25ஐத் தொட்டால் மூன்று. எண்ணாமல் எழுதும் அந்த இருபது, பூஜ்யம் முடியும் கடைசிப் படியில் சரியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த நிமோனியா நோயாளிக்கு வர வேண்டிய மூன்று மதிப்பெண்ணை அது அப்படியே அழித்துவிட்டது. எவ்வளவு நல்ல முறையைக் கொண்டுவந்தாலும், முதல் எண் பொய்யானால் கூட்டுத்தொகையும் பொய்தான்.

2017 திருத்தத்தில், புதிதாகத் தோன்றும் மனக்குழப்பத்துக்கு மூன்று மதிப்பெண் சேர்த்தார்கள். அது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. ஏனென்றால், "நோயாளி ஒத்துழைக்கவில்லை", "ஓரிடத்தில் படுக்காமல் தொந்தரவு செய்கிறார்" என்று இரவுக் குறிப்புகளில் எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இன்று இரவு ஆக்ஸிஜன் முகமூடியைப் பிடுங்கிப் போடுகிறார் என்றால், அவருக்கு ஆக்ஸிஜன் போதவில்லையா, சர்க்கரை இறங்கிவிட்டதா, இரத்தத்தில் கிருமி பரவுகிறதா என்று பார்க்க வேண்டும். கையைக் கட்டிப்போட யோசிப்பதற்கு முன்னால் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதேபோல, மயக்கத்தில் இருப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கும்போது எழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "நல்லா குறட்டை விட்டுத் தூங்குறாங்க" என்று நிம்மதியாக நகர்ந்துபோன மாணவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தாடையைத் தூக்கிப் பிடித்தவுடன் அந்தச் சத்தம் நின்று காற்று சீராகப் போவதை ஒருமுறை தங்கள் கையாலேயே செய்து உணர்ந்தவர்கள் பிறகு அந்தத் தவறைச் செய்வதில்லை.

இளம் வயது நோயாளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரத்தம் இழக்கும் இளைஞரின் உடல் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக ஓட்டி, அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும்; மொத்த இரத்தத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போகும்வரை இரத்த அழுத்தக் கருவி பெரிதாக எதையும் காட்டாமலே இருக்கலாம். அதுவரை சொல்வதெல்லாம் கையும் தோலும்தான். உள்ளங்கை சில்லிட்டு வியர்த்திருக்கிறதா, நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆகிறதா, நாடி 120ஐத் தாண்டுகிறதா, சிறுநீர் குறைந்திருக்கிறதா, கண்ணில் ஒரு பதற்றம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். "பிபி நார்மல்தானே" என்ற சொல்லை வகுப்பில் யார் சொன்னாலும், கையைத் தொட்டுப் பார்த்தாயா என்றுதான் நான் கேட்கிறேன்.

பயிற்சிப் பொம்மைகளைப் பற்றியும் எழுதியாக வேண்டும். 1960இல் நார்வே நாட்டுப் பொம்மை உற்பத்தியாளர் ஒஸ்முண்ட் லார்டால் உருவாக்கிய பொம்மையில் தொடங்கி, இன்று நாடி துடிக்கும், மூச்சுவிடும், கண்மணி சுருங்கும் பொம்மைகள் வரை வந்துவிட்டன. 2014இல் அமெரிக்காவின் செவிலியர் வாரியங்களின் தேசியக் கவுன்சில் பத்துக் கல்வி நிறுவனங்களில் நடத்திய ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை தரமான பாவனைப் பயிற்சியால் ஈடுசெய்தாலும் மாணவர்களின் திறன் குறையவில்லை என்று கண்டது. இதைப் பலர் விலையுயர்ந்த பொம்மை வாங்குவதற்கான காரணமாக மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தரமான என்ற சொல்லின் பொருள், பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் உட்கார்ந்து பேசும் நேரமும் இருந்தன என்பதே. கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்த பொம்மையால் யாருக்கும் எதுவும் வராது. சாதாரணப் பொம்மையும், படுக்கையில் நோயாளியாக நடிக்க ஒரு மாணவரும், குரல் கொடுக்க ஓர் ஆசிரியரும் இருந்தால் பெரும்பாலானவற்றைக் கற்றுத் தந்துவிட முடியும்.

அந்தப் பேச்சு நேரத்தில்தான் உண்மையான படிப்பு நடக்கிறது. ஒருமுறை ஒரு மாணவர் ஆக்ஸிஜன் சேமிப்புப் பை வைத்த முகமூடியைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, பரபரப்பில் ஆக்ஸிஜன் ஓட்டத்தை நிமிடத்துக்கு நான்கு லிட்டரில் வைத்துவிட்டார். பை நிரம்பவே இல்லை. நோயாளி மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது ஒட்டிக்கொண்டு சுருங்கியது. நாங்கள் காட்சியை நிறுத்தவில்லை. முடிந்தபின் அந்த முகமூடியை அவர் முகத்திலேயே அதே நான்கு லிட்டரில் சில விநாடிகள் வைத்துக் காட்டினோம். பத்து முதல் பதினைந்து லிட்டர் வரை வைத்து, உள்ளிருக்கும் வால்வை விரலால் மூடிப் பையை நிரப்பிய பிறகே முகத்தில் வைக்க வேண்டும் என்பதை அவருக்கு இனி யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். திட்டு வாங்கிய மாணவர் அடுத்த முறை தவறை மறைக்கக் கற்றுக்கொள்வார், அதைவிட ஆபத்தான திறமை எங்கள் தொழிலில் வேறில்லை.

நெஞ்சை அழுத்தும் பயிற்சியையும் ஆண்டுக்கு ஒரு நாள் விழாபோல நடத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஐந்து செண்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், ஆறைத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்பது வாயால் ஒப்பிக்கும் பாடமல்ல, தோளும் மணிக்கட்டும் நினைவில் வைக்க வேண்டியது. அந்த நினைவு சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் செய்தாலே அது நிற்கும்.

இனி, எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி. பார்த்ததைச் சொல்லும் துணிவு எங்கிருந்து வரும்? நான் மாணவியாக இருந்தபோது ஓர் இரவுப் பணியில், மாலை வரை நன்றாக இருந்த ஒரு பெண்மணியின் கை சில்லிட்டிருப்பதையும் அவர் வேகமாக மூச்சு வாங்குவதையும் கண்டு, மூத்தவரிடம் போய், "சிஸ்டர், அந்த அம்மா ஒரு மாதிரியா இருக்காங்க" என்றேன். "எல்லாம் எங்களுக்குத் தெரியும், நீ போய் உன் வேலையைப் பாரு" என்று பதில் வந்தது. போய்விட்டேன். விடிவதற்குள் அவர் இறந்துவிட்டார். மறுபடி ஒருமுறை போய்ச் சொல்லியிருக்கலாம், எண்ணோடு சொல்லியிருக்கலாம் என்ற எண்ணம் இத்தனை ஆண்டுகளாகியும் என்னைவிட்டுப் போகவில்லை. ஒரு மாதிரியாக இருக்கிறார் என்பதைத் தவிர வேறு சொற்களை எனக்கு அப்போது யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை.

இன்று அதற்கு ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்த எஸ்பார் முறை அது: நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, என் வேண்டுகோள் என்று நான்கு படிகள். "டாக்டர், ஏழாம் படுக்கை நோயாளிக்கு மூச்சு எண்ணிக்கை ஒரு மணி நேரத்தில் 22இலிருந்து 32 ஆகியிருக்கிறது, நிமோனியாவுக்கு நேற்று சேர்ந்தவர், அவர் சோர்ந்துகொண்டு வருகிறார் என்று நினைக்கிறேன், நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்." இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் நான்காவது படியில் மாணவர்கள் குரல் தாழ்ந்துவிடுகிறது. தொலைபேசியைக் கையில் கொடுத்து, மறுமுனையில் நான் வேண்டுமென்றே எரிச்சலான குரலில் பேசி, அந்தக் கடைசி வாக்கியத்தை அவர்கள் தடுமாறாமல் சொல்லும்வரை பழக்குகிறேன். அழைத்தது தேவையற்றதாகவே முடிந்தாலும் அழைத்தவரைக் கண்டிக்கக் கூடாது என்று ஒவ்வொரு மருத்துவமனையும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

உண்மையான அவசரம் நடக்கும்போது மாணவர்களைத் திரைக்கு வெளியே நிறுத்திவிடுவதும் மாற வேண்டும். நேரத்தைக் குறிப்பது, மருந்து கொடுத்த நிமிடத்தை உரக்கச் சொல்லி எழுதுவது, உறவினர் பக்கத்தில் நிற்பது என்று ஏதாவது ஒரு பொறுப்பை முன்கூட்டியே கொடுத்து உள்ளே வைத்திருக்கலாம். முதல் மரணத்தைப் பார்த்த மாணவரை அன்றே தனியாக விடுதிக்கு அனுப்பிவிடாமல் பத்து நிமிடம் உட்கார வைத்துப் பேசுவதும் எங்கள் வேலைதான்.

முப்பது நோயாளிகளுக்கு ஒருவர் என்றால் ஒரு நிமிடம் எண்ண நேரம் ஏது என்று என் முன்னாள் மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒன்பது ஐரோப்பிய நாடுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்வதோடு தொடர்புடையதாகக் கண்டது. பயிற்சியைப் பற்றிப் பேசிவிட்டு ஆள் பற்றாக்குறையைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் பற்றாக்குறை தீரும்வரை, முப்பது பேரில் எந்த நான்கு பேரை முதலில் முழு நிமிடம் எண்ண வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கண்ணையாவது நாங்கள் கொடுத்தனுப்ப வேண்டும்.

சென்ற முறை நடந்த செய்முறைத் தேர்வில், ஊசி போடுவதற்கான தட்டை அடுக்குவதுதான் கேள்வி. நோயாளியாகப் படுத்திருந்த மூத்த மாணவியிடம், நடுவில் யாருக்கும் சொல்லாமல் மூச்சை வேகமாக்கச் சொல்லியிருந்தேன். பெரும்பாலானோர் தட்டை மிக அழகாக அடுக்கி முடித்தார்கள். ஒரு மாணவி மட்டும் பாதியில் கையை எடுத்து, தட்டை ஓரமாக வைத்துவிட்டு, படுக்கையருகே உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாள். தட்டு முழுமையாகவில்லை என்பதால், மதிப்பெண் பட்டியலின்படி அவளுக்குத்தான் எல்லோரையும்விடக் குறைந்த மதிப்பெண் விழுந்தது. அந்தப் பட்டியலை மாற்றித் தரும்படி துறைக்கு எழுதியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.