தடுப்பானை நிறுத்தச் சொல்பவர்களுக்கு

விளம்பரத் தடுப்பானை நிறுத்திவிட்டு உள்ளே வரும்படி வேண்டும் அறிவிப்பு, இப்போது பல செய்தித் தளங்களில் கட்டுரையின் தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் திரையை மறைத்துக்கொண்டு வந்து நிற்கிறது. எழுதுகிறவர்களுக்கும் தளத்தை நடத்துகிறவர்களுக்கும் வருமானம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. அச்சிதழின் முழுப்பக்க விளம்பரத்தின் மீது யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அது தனக்குரிய இடத்தில் கிடந்தது, வேண்டாதவர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனார், புரட்டியவர் யார் என்று அது எங்கும் போய்ச் சொல்லவில்லை. என்னுடைய கருவியில், என்னுடைய மின்கலத்தைச் செலவழித்து, நான் பெயர்கூடக் கேள்விப்படாத நிறுவனங்களின் நிரல்கள் ஓடுவதற்குத்தான் இந்த அறிவிப்பு அனுமதி கேட்கிறது. அதைத் தர எனக்கு விருப்பமில்லை.

கைப்பேசியில் ஒரு கட்டுரையைத் திறந்தால் நடப்பதை நிதானமாகக் கவனித்துப் பாருங்கள். எழுத்துகள் முதலில் வந்துவிடுகின்றன. இரண்டு வரி படிப்பதற்குள் மேலே ஒரு விளம்பரம் தாமதமாக வந்து அமர, மொத்தப் பக்கமும் கீழே சரிகிறது. ‘மேலும் படிக்க’ என்பதை அழுத்தப் போன விரல் விளம்பரத்தின் மீது பட்டு வேறொரு தளம் திறக்கிறது. திரும்பி வந்தால் பக்கம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. கீழ் மூலையில் கேட்காமலே ஓடும் காணொளியை மூடுவதற்கான பெருக்கல் குறியோ கடுகளவு. அதுவும் சில நொடிகள் கழித்தே தோன்றும். சிலவற்றில் அந்தக் குறியே விளம்பரப் படத்தின் ஒரு பகுதியாக வரையப்பட்டிருக்கும். இதை வடிவமைத்தவரின் கவனக்குறைவு என்று என்னால் நம்ப முடியவில்லை. தவறிப் பட்ட விரலும் பல நேரங்களில் ஒரு கிளிக்காகக் கணக்கில் சேர்கிறது. அதற்கும் யாருக்கோ பணம் போகிறது.

கண்ணுக்குத் தெரிகிற தொல்லை இவ்வளவுதான். பக்கம் திறக்கத் தொடங்கிய கணத்திலேயே நம் இருப்பிடம், கருவியின் வகை, தளங்கள் நம் உலாவியில் விட்டுச்செல்லும் குக்கிகள் என்ற சிறு குறிப்புகள் வழியாகச் சேர்ந்த நம் விருப்பங்கள் ஆகியவற்றின் சுருக்கம் பல நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டு, அந்த விளம்பர இடத்துக்கு ஓர் ஏலம் நடக்கிறது. நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடுகிற ஏலம் அது. வென்றவர் மட்டுமே விளம்பரம் காட்டுகிறார் என்றாலும், தோற்றவர்களின் கைக்கும் நம்மைப் பற்றிய தகவல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எந்த விளம்பரம் வரப் போகிறது என்பது தளத்தை நடத்துபவருக்கே முன்கூட்டித் தெரிவதில்லை. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற பெரிய தளங்களின் வாசகர்களுக்கு விளம்பர வலையமைப்புகள் வழியாகத் தீநிரல்கள் வந்தது இந்த ஓட்டையால்தான். தேடல் முடிவுகளில் அசல் நிறுவனங்களைப் போல வேடமிட்டு வரும் மோசடி விளம்பரங்களைப் பற்றி 2022 டிசம்பரில் எச்சரித்த அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, தேடும்போது விளம்பரத் தடுப்பு நீட்சியை, அதாவது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு தடுப்பு நிரலை, பயன்படுத்துமாறு பொதுமக்களுக்கு அறிவுரை கூறியது. அப்படிப்பட்ட தடுப்பானைப் பயன்படுத்துவதைத் திருட்டு என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

1994-இல் ஹாட்வயர்டு என்ற இணைய இதழில் வந்த முதல் பேனர் விளம்பரங்கள் படத்தோடு நின்றன. பிறகுதான் கேட்காமலே தனியாகத் திறந்துகொள்ளும் பாப்-அப் சாளரங்கள் வந்தன. பயனர்களின் இணையப் பக்கங்களுக்கு இடம் தந்த டிரைபாட் நிறுவனத்தில் அதற்கான நிரலை எழுதிய ஈதன் ஸக்கர்மேன் 2014-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஆனால் அதற்கு வெகுமுன்பே உலாவிகள் அந்தச் சாளரங்களைத் தாமாகவே தடுக்கத் தொடங்கிவிட்டன. 2004-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர்கூட அந்த வசதியோடு வந்தது. அன்று அதை இணையத்தின் பொருளாதாரத்துக்கு எதிரான குற்றம் என்று யாரும் பெரிதாகப் புலம்பியதாக எனக்கு நினைவில்லை.

இன்று நிலைமை வேறு, ஏனென்றால் குரோம் உலாவியைச் செய்பவரும் விளம்பரம் விற்பவரும் ஒருவரே, கூகுள். முன்பெல்லாம் யூபிளாக் ஆரிஜின் போன்ற தடுப்பு நீட்சி, பக்கத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் தானே பார்த்து, தன்னார்வலர்கள் பராமரிக்கும் ஈஸிலிஸ்ட் முதலிய தடுப்புப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, போகலாமா கூடாதா என்று அந்த நேரத்திலேயே முடிவு செய்தது. கூகுள் கொண்டுவந்த மேனிஃபெஸ்ட் 3 என்ற புதிய விதிமுறையின்படி, நீட்சி தன் விதிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், தீர்ப்பளிப்பது உலாவி. பாதுகாப்புக்காகவே இந்த மாற்றம் என்றார்கள். எல்லாத் தரவையும் பார்க்கும் அதிகாரம் கெட்ட நீட்சியின் கையில் ஆபத்தானது என்பது உண்மையே. ஆனால் அதன் விளைவாகக் குரோமில் முழுமையான யூபிளாக் ஆரிஜின் செயலிழந்து, திறன் குறைந்த ‘லைட்’ வடிவம் மட்டும் மிஞ்சியது. பயர்பாக்ஸ் உலாவியில் பழையது இன்றும் இயங்குகிறது. யூபிளாக் ஆரிஜினை உருவாக்கிய ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்குவதில்லை. மறுபக்கம், ஆட்பிளாக் பிளஸ் என்ற இன்னொரு தடுப்பான் 2011 முதல் ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்ற பெயரில் சிலவற்றை உள்ளே விட்டு, பெரிய நிறுவனங்களிடம் அதற்குக் கட்டணமும் வாங்குகிறது. தடுப்பவர் எல்லோரும் நம் பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம்.

யூடியூப் 2023-இல் தடுப்பான் வைத்திருப்பவர்களுக்குக் காணொளியையே நிறுத்தத் தொடங்கியபோது, சந்தா கட்டினால் போயிற்றே என்றார்கள் நண்பர்கள். கட்டக்கூடியவர்கள் கட்டலாம், நானும் சில இதழ்களுக்குக் கட்டுகிறேன். ஆனால் சந்தா கட்டிய பிறகும் அவற்றின் பக்கங்களில் கண்காணிப்பு நிரல்கள் அப்படியே ஓடுவதைத் தடுப்பானின் எண்ணிக்கைக் கட்டத்தில் பார்க்கிறேன். ஆகவே காசு கொடுத்த தளங்களிலும் அதை நிறுத்துவதில்லை. தன் சொந்த வழங்கியிலிருந்தே (சர்வர்) அசையாத படமாக விளம்பரம் போடுகிற சில சிறு தளங்களுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறேன். அங்கே சில சமயம் விரும்பியே அழுத்துவதும் உண்டு. மற்றவர்கள் அறிவிப்பைக் காட்டினால் பக்கத்தை மூடிவிடுகிறேன். அதே செய்தி பெரும்பாலும் வேறிடத்தில் கிடைக்கிறது.