“பிள்ளையின் மூளை ஏழு விஷயம் தாங்கும்” என்பது சரியா?

பினாங்கு தமிழ்ப்பள்ளிப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: மூளை ஒரே நேரத்தில் ஏழு விஷயங்களைத் தாங்குமாம், அதனால் ஒரு பாடத்தில் ஏழு புதுக் குறிப்புகள் கொடுக்கலாமாம். தவறு.

அந்த ஏழு, அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. நினைவைப் பற்றி அவர் அதில் பேசியது எண்களையும் சொற்களையும் கேட்டவுடன் திருப்பிச் சொல்வதைப் பற்றி, வகுப்பறைப் பாடத்தைப் பற்றி அல்ல. மனத்துக்குள் சொல்லிப் பார்க்க வழியில்லை என்றால் பெரியவர்களுக்கே ஏறக்குறைய நான்குதான் நிற்கும் என்று இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் எழுதினார். சிறு பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு.

அதைவிட முக்கியமானது, ‘ஒரு விஷயம்’ என்பதே ஆளுக்கு ஆள் மாறும். 31081957 என்பது மெர்டேக்கா தினம் (சுதந்திர நாள், 31-08-1957) தெரிந்த பிள்ளைக்கு ஒன்றுதான், தெரியாத பிள்ளைக்கு எட்டு இலக்கங்கள். வாய்ப்பாடு மனத்தில் பதியாத பிள்ளை ஏழை எட்டால் பெருக்கினால் எவ்வளவு என்று தேடுவதிலேயே மூளையில் இருக்கிற இடத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, கணக்கு எதைக் கேட்டது என்பதையே மறந்துவிடுகிறது, நாம் அதைக் கவனக்குறைவு என்று திட்டுகிறோம். இது எனக்குப் பொறுக்கவே இல்லை.

சரி, என்ன செய்யலாம்? ஆஸ்திரேலியாவில் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980களில் தொடங்கிய ஆய்வுகள் வழி காட்டுகின்றன. புதுக் கணக்கை முதலில் முழுதாகச் செய்துகாட்டுங்கள், பிறகு பாதி செய்ததைக் கொடுங்கள், அப்புறம் தனியாக விடுங்கள். தேறிய பிள்ளைக்குச் செய்துகாட்டுவதைக் குறைக்கலாம். படத்தில் உள்ள பகுதிகளின் பெயர்களைப் படத்திலேயே எழுதுங்கள். பிள்ளைகள் பலகையைப் பார்த்து எழுதும்போது விளக்கத்தைத் தொடராதீர்கள்.