ஹவாய் விரும்பிச் சேர்ந்ததா?
'1959-ல் ஓட்டுப் போட்டு விரும்பித்தான் ஹவாய் அமெரிக்காவோடு சேர்ந்தது' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஓட்டெடுப்பு நடந்தது சரி. ஆனால் முக்கியமாகக் கேட்டது, உடனே மாநிலமாக வேண்டுமா என்பதைத்தான். தனி நாடு என்ற பேச்சே சீட்டில் இல்லை.

தீவுகள் அமெரிக்காவுக்குக் கைமாறியது 1898-லேயே. 1893 ஜனவரியில் ஹவாய் ராணி லிலியுவோகலானியைக் கவிழ்த்தபோது, 'பாஸ்டன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் வீரர்கள் ஹொனலுலுவில் துப்பாக்கியோடு இறங்கியிருந்தார்கள். அப்புறம் 1897-ல், இணைப்பு வேண்டாம் என்று 21,000-க்கும் மேற்பட்ட ஹவாய் பூர்வகுடிகள் மனுவில் கையெழுத்திட்டார்கள். ஆண்களுக்குத் தனித் தாள், பெண்களுக்குத் தனித் தாள். பெயருக்குப் பக்கத்தில் வயதும் எழுதியிருக்கும். இணைப்பு ஒப்பந்தம் அமெரிக்க மேலவையான செனட்டில் தேறவில்லை. மறு ஆண்டு ஸ்பெயின் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஒப்பந்தமே இல்லாமல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கூட்டுத் தீர்மானத்தால் இணைத்துக்கொண்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.