சிரித்தவர்கள் தமிழர்கள் என்பதுதான் வலிக்கிறது

காரைக்குடியில் நடந்த தாய்மொழி நாள் விழாவின் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நரிக்குறவர் வீட்டுப் பெண் தங்கள் மொழியான வாக்ரிபோலியில் பேசத் தொடங்கியதும் மண்டபமே சிரித்தது. பாதி வாக்கியத்திலேயே தமிழுக்கு மாறிவிட்டாள், பாவம். அதைக்கூட விட்டுவிடலாம். ஒலிவாங்கியை வாங்கிய பெரியவர், “இவர்கள் மொழியையும் நாம்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது” என்று பெருமூச்சு விட்டாரே!

ஐயா, நீங்கள் காப்பாற்றிய அழகைத்தான் பார்த்தோமே. அந்த மக்களில் ஒருவர் பெயராவது அழைப்பிதழில் இருந்ததா?

பேசுகிறவர்கள் கையில் பொறுப்பைக் கொடுக்காமல் எந்த மொழியையும் காப்பாற்ற முடியாது. ஆய்வே வேண்டாம் என்று நான் சொன்னதாகக் கிளம்பிவிடாதீர்கள். 1930களில் மொழியியல் அறிஞர் எமனோ நீலகிரிக்கு வந்து தோடர், கோத்தர் மொழிகளை எழுதி வைத்தது பெரும் கொடை. 2024 பட்ஜெட்டில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்தத் தமிழக அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தபோது மகிழ்ந்தவள்தான் நானும். ஆனால் ஆவணம் அலமாரிக்குப் போய், வீட்டில் பேரப்பிள்ளைக்குப் பேச்சு வராமல் போனால் என்ன பயன்? அந்தமானில் போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010இல் இறந்தார். அவர் குரல் பதிவாகி இருக்கிறது. அந்த மொழியில் அவருக்குப் பதில் சொல்லத்தான் யாரும் இல்லை. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் 1982இல் மழலையர் பள்ளிகளைத் தாங்களே தொடங்கி, பாட்டிமார்களைக் கொண்டு பிள்ளைகளுக்கு மொழியைப் புகட்டினார்கள். பொறுப்பு அவர்கள் கையில் இருந்தது. நான் கேட்பதும் அதுதான்.

“தமிழே தேய்கிறது, இதில் இது வேறா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தது யார், பாசிமணி விற்கிறவரா? “அவர்கள் பிள்ளைகளே ஆங்கிலம்தானே கேட்கிறார்கள்” என்கிறார் இன்னொருவர். கேட்கட்டுமே. வாயைத் திறந்தால் சிரிக்கிற ஊரில் எந்தப் பிள்ளை வீட்டு மொழியை வெளியே எடுக்கும்? எழுத்தில்லாததெல்லாம் மொழியா என்ற அறிவாளிக்கு ஒன்று: உங்கள் அப்பத்தா பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் எந்த ஏட்டைப் பார்த்துப் பாடினார்?

எங்கள் ஐயா பர்மாவில் வட்டிக்கடைக் கணக்கு எழுதியவர். பர்மிய மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று இன்றும் வீட்டில் பெருமை பேசுவோம். அதே வீட்டுத் திண்ணையில் ஊசியும் பாசியும் விரித்து வைத்து, அப்பத்தாவிடம் தமிழில் விலை சொல்லிவிட்டு, மகளிடம் திரும்பித் தன் மொழியில் ஏதோ கேட்பார் ஓர் அம்மாள். மகள் தலையசைத்தால் விலை குறையும். அத்தனை ஆண்டு வந்தவரிடம் அது என்ன மொழி என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. வட்டி வருகிற மொழி என்றால் கடல் கடந்தும் கற்போம்!

வேறு யாராவது சிரித்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1965இல் மொழிக்காக உயிரைக் கொடுத்த இனம் என்று அதே மேடையில் அரை மணி நேரம் முழங்கிவிட்டு அல்லவா சிரித்தார்கள்? அடுத்தவன் நம் மொழியை இளக்காரம் செய்தால் மட்டும் ரத்தம் கொதிக்குமோ?

விழாக்குழுவினருக்கு ஒரு வார்த்தை. அடுத்த ஆண்டுக் குழுவில் அந்த மக்களில் இரண்டு பேராவது இருக்க வேண்டும். மேடையில் என்ன பேசுவது என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். அதுவரை ரசீதுப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வர வேண்டாம்.