வெளிநாட்டுக் காசில் முதல் பங்கு வட்டிக்காரருக்கு

வளைகுடாவுக்கு ஆள் போவதால் ஊருக்கு நல்லதா கெட்டதா என்று அடித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் தொடாமல் விடுவது, கிளம்பும்போது அந்த ஆள் எவ்வளவு கட்டினார் என்பதைத்தான். குடும்பம் மேலே வருமா, கடனிலேயே கிடக்குமா என்பது பாதிக்கு மேல் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

கணக்குப் போட்டே பார்ப்போம். கத்தாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 1,000 ரியால். தங்க இடம் தராவிட்டால் முதலாளி இன்னும் 500, சாப்பாடு தராவிட்டால் 300 தர வேண்டும். இரண்டையும் கம்பெனியே தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கைச்செலவு போக 700 ரியால் அனுப்பினால், ரியால் 23 ரூபாய் என்ற கணக்கில் சுமார் 16,000 ரூபாய். பாதி வீட்டுக்கு, பாதி கடனுக்கு.

ஏஜென்ட்டுக்குக் கட்ட ஒன்றரை லட்சத்தை மூணு வட்டிக்கு வாங்கியிருந்தால் முதல் மாத வட்டியே 4,500. மாதம் 8,000 கட்டினாலும் கடன் தீர 28 மாதம். அக்ரிமென்ட்டோ பெரும்பாலும் 24 மாதம்! முதல் லீவுக்கு வரும்போதும் பாக்கி நிற்கும். திரும்பிப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

சட்டப்படி ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாய், அதற்கு 18% ஜிஎஸ்டி, ஆக 35,400. அதே வட்டி, அதே தவணை என்றால் 5 மாதத்தில் தீர்ந்துவிடும். மெடிக்கல், சில்லறைச் செலவு சேர்ந்தால் ஓரிரு மாதம் கூடலாம், அவ்வளவுதான்.

மீதிக் காசு எங்கே போகிறது? அங்கே விசாவை விற்பவர், இங்கே நகரத்து ஏஜென்ட், ஊர் சப்-ஏஜென்ட் என்று ஆளாளுக்கு ஒரு பங்கு. சப்-ஏஜென்ட்டிடம் லைசென்ஸ் கிடையாது. ரொக்கமாக வாங்குவார், ரசீது தரமாட்டார். வேலை சொதப்பினால் லைசென்ஸ் உள்ளவர் “அவரை யாரென்றே தெரியாது” என்பார். பதிவு பெற்ற ஏஜென்ட் அரசிடம் வங்கி உத்தரவாதம் கட்டியிருக்கிறார். ஆனால் ரசீது இல்லாமல் புகார் கொடுத்து அதைத் தொடுவது மிகக் கடினம்.

இன்னொரு குழி விசிட் விசா. பத்தாவது பாஸ் ஆகாதவருக்குப் பெரும்பாலும் இ.சி.ஆர். (குடியேற்றச் சோதனை தேவைப்படும்) பாஸ்போர்ட்தான். வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவருக்கு இந்திய அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். அதைத் தாண்டத்தான் “முதல்ல விசிட்ல போ, அங்க மாத்திக்கலாம்” என்கிறார்கள். அனுமதி இல்லை என்றால் அக்ரிமென்ட் பதிவில்லை. 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் இல்லை. அதன் பிரீமியம் 2 வருடத்துக்கு வெறும் 275 ரூபாய்!

பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று கத்தார் 2020-இல் சட்டத்தைத் திருத்தியது. நல்ல திருத்தம்தான். ஆனால் வேலை மாறும் இடைவெளியில் ஒரு மாதச் சம்பளம் நின்றால் ஊரில் வட்டிக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார் என்ற நிலையில் உள்ளவர், குறைந்த சம்பளம் என்று தெரிந்தும் அங்கேயே கிடப்பார்.

காசு கொடுப்பதற்கு முன் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைப் போட்டு, லைசென்ஸ் காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். பணத்தை அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள். அக்ரிமென்ட்டில் அடிப்படைச் சம்பளம் தனியாக, எண்ணில் எழுதியிருக்க வேண்டும். ஓவர்டைமைச் சேர்த்துக் காட்டும் தொகையை நம்பாதீர்கள்.

நகைக்குக் கடன் தரும் கூட்டுறவு வங்கி, பதிவான அக்ரிமென்ட்டின் பேரில் 35,400 ரூபாயை நேரே ஏஜென்ட்டின் கணக்கில் போட்டால் என்ன? சப்-ஏஜென்ட்டுக்கு அதில் நுழைய இடமே இருக்காது.