பிஎச்பி 8: அந்த மூன்று மடங்கு எங்கே கிடைத்தது?

இணையதளங்களை எழுதும் நிரல்மொழியான பிஎச்பி பற்றி, “பிஎச்பி 8-க்கு மாறினாலே தளம் மூன்று மடங்கு வேகமாகும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. 2020 நவம்பரில் 8.0 வந்தபோது பேசப்பட்ட அந்த மூன்று மடங்கு, ஜேஐடியை (நிரல் ஓடும்போதே அதை இயந்திர மொழிக்கு மாற்றும் வசதியை) இயக்கிவிட்டு, வெறும் கணக்குப் போடும் சோதனை நிரல்களில் கிடைத்தது. வழக்கமான தளங்களுக்கு ஏறக்குறைய முந்தைய பதிப்பான 7.4-இன் வேகம்தான். அதுவும் 8.0-இல் ஜேஐடி பஃபரின் (அதற்கு ஒதுக்கும் நினைவகத்தின்) அளவு இயல்பாக 0. நாமாக மாற்றாவிட்டால் அது ஓடவே ஓடாது.

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மளிகைக் கடையின் தளத்தை 8-க்கு மாற்றிப் பார்த்தேன். பக்கம் திறக்கும் நேரம் அசையவில்லை. நேரத்தைத் தின்றது டேட்டாபேஸ்: ஒவ்வொரு பொருளின் விலைக்கும் டேட்டாபேஸிடம் தனித்தனி குவெரி (கேள்வி)! (எழுதியவன் நான்தான்.)

சரி, மாறவே வேண்டாமா? மாறுங்கள். அடுக்கடுக்காக ‘நல்’ (null, அதாவது மதிப்பு இல்லை) என்று சோதித்த இடத்தில் ?-> போட்டால் போதும், அப்புறம் பல மதிப்புகளில் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கும் மேட்ச் (match) வேறு இருக்கிறது.